கண்ணு உக்காரணும்

கடலூர் முதுநகரில் சிதம்பரம் ரோட்டுமேல் ஒரே கட்டடத்தில் ரெண்டு கடை. ஒன்று என்னுடையது. வளையல், பொட்டு, மணிமாலை, ஹேர்கிளிப் விற்கிறேன். பேர் ராமாமிர்தம், ஊரில் அமிர்தம்க்கா. பக்கத்துக் கடை மலர்க்கொடியுடையது. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கல்யாணப் பத்திரிகை, பேனர். இதோடு நின்றிருந்தால் அவளைப் பற்றி எழுத எனக்கு என்ன தலையெழுத்து? பேர் தெரியாத பிணங்களுக்குக் கண் திறக்கிற வேலையையும் அவளாகவே தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை.

செத்தவருக்கு நல்ல போட்டோ இல்லாத வீடுகள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் பாடையில் படுக்க வைத்து எடுத்த படத்தோடு வருவார்கள். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அந்தப் படத்தில் கண்ணைத் திறந்து, மூக்கிலிருக்கும் பஞ்சை எடுத்து, சட்டை மாட்டிக் கொடுக்க வேண்டும். எல்லா ஸ்டுடியோவிலும் நடக்கிறதுதான். மலர்க்கொடிக்கு அதில் கை தேர்ந்துவிட்டது. அவள் கண் திறந்த பெரியவரைப் பார்த்து, "எந்திரிச்சு ஒக்காந்துடுவாரு போலருக்கே" என்று பேரன்கள் பின்வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

பிணங்களின் பக்கம் அவள் போனதற்குக் காரணம் சுனாமி. அப்போது கல்யாணம் ஆகாத பெண், ஒரு ஸ்டுடியோவில் வேலை. அடையாளம் தெரியாதவர்களின் படங்களைப் பிரிண்ட் போட்டுப் பலகையில் ஒட்டுகிற வேலை அவளுக்கு வந்தது. ஒரு அம்மா பிள்ளையைத் தேடி அந்தப் பலகை முன்னால் போய்ப் போய் வந்தாளாம். பிள்ளை படம் அங்கேயேதான் இருந்தது. கண் மூடி, முகம் உப்பி இருந்ததால் பெற்றவளுக்கே தெரியவில்லை. "கண்ணு தொறந்திருந்தா கண்டுபுடிச்சிருப்பாக்கா" என்று மலர்க்கொடி என்னிடம் சொல்லும்போது அவள் பேசுவது என்னோடா, அந்த அம்மாவோடா என்று தெரியாது.

சொந்தக் கடை வைத்ததும் ஆரம்பித்துவிட்டாள். போலீஸ் போடுகிற 'அடையாளம் தெரியாத பிரேதம்' அறிவிப்புகளைச் சேர்ப்பாள். சுவரில் ஒட்டின 'காணவில்லை' போஸ்டர்களைப் போனில் படம் பிடித்து வருவாள். சிதம்பரம் பக்கத்தில் அறிவழகன் என்று ஒரு ஏட்டு, அவரும் இவளைப் போலவே ஒரு கிறுக்கு, தெளிவான படங்களை அனுப்பிவைப்பார். காணாமல் போனவருடைய கண்ணை வெட்டி எடுத்து, பிணத்தின் முகத்தில் வைத்துப் பார்ப்பாள். வேறு ஆள் என்றால் அந்தக் கண் இழுக்கும், ஒரு பக்கம் ஏறும், பொம்மைக்கு ஒட்டினது போல முழிக்கும். அதே ஆள் என்றால் போய் உட்கார்ந்துகொள்ளும். "கண்ணு உக்காரணும்க்கா" என்பாள். அப்படி உட்கார்ந்த சிலர் தங்கள் பேரோடு ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

தப்பும் நடந்திருக்கிறது. லால்பேட்டைப் பையன் ஒருவனுடைய கண் ஒரு பிணத்தில் உட்கார்ந்துவிட்டது. வீட்டில் அழுது முடித்த பிறகு, பையன் கேரளாவிலிருந்து போன் பண்ணினான். அதிலிருந்து அவள் யாரிடமும் 'இது உங்க ஆளு' என்று சொல்வதில்லை. வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்பதோடு சரி, மற்றது போலீஸ் பாடு, பரிசோதனை பாடு. அவள் வீட்டுக்காரர் மட்டும் இன்றுவரை தன் படத்தை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்ற விட்டதில்லை. மனுஷன் விவரம்.

அந்த விவரம் எனக்கு இல்லாமல் போனதுதான் வினை. மூன்று வருஷத்துக்கு முன்னால், புரட்டாசி பிறப்பதற்குக் கொஞ்சம் முந்தி, நெய்வேலியில் தங்கை வீட்டுக்குப் போகலாம் என்று பஸ் ஸ்டாப்பில் நின்றேன். சுவரில் ஒரு சாமியார் போஸ்டர். மொட்டைத் தலை, நெற்றியில் பட்டையாக விபூதி, கழுத்தில் ருத்ராட்சம். 'இவரைத் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்' என்று கீழே மலர்க்கொடி நம்பர். சாமியார் என்னையே பார்த்தார். நான் நகர்ந்தேன், அப்போதும் பார்த்தார். எங்கேயோ பார்த்த கண் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறி, ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அது என் கண்.

பஸ்ஸை நிறுத்தி இறங்கி நேரே அவள் கடைக்குத்தான் வந்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

"ஏண்டி, செத்தவனுக்கு வெக்க ஊர்ல வேற கண்ணா இல்ல? ரேஷன் கார்டுக்குன்னு போட்டோ எடுத்துக்கினா, அத நோண்டி பொணத்துக்கு வெப்பியா?"

"கோவிச்சுக்காதக்கா. காணாமப்போனவங்க யாரு கண்ணும் அவருக்கு ஒக்காரல. ஏதாவது ஒரு கண்ண வெச்சாத்தான ஒட்ட முடியும்? ஒன் கண்ணு சாந்தமா இருந்துச்சு."

"ஆம்பளைக்குப் பொம்பள கண்ணா?"

"கண்ணுல என்னாக்கா ஆம்பள பொம்பள?"

அந்தச் சாமியார் யாரென்று கேட்டேன். சிதம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ் நிழற்குடையில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்திருக்கிறார். மாரடைப்பு. அறிவழகன் எழுதினது இவ்வளவுதான்: வயது ஐம்பதுக்குள், மொட்டைத் தலை, காவி வேட்டி, கழுத்தில் மணிமாலை. பை, பணம், போன் எதுவும் இல்லை. வடலூரிலிருந்து வந்தவராக இருக்கும் என்று அவள் முதலில் நினைத்தாளாம். வடலூர்க்காரர்கள் வெள்ளை அல்லவா கட்டுவார்கள் என்று பிறகு அவளே திருத்திக்கொண்டு, சிதம்பரம் கோயில் வாசலில் இருந்த யாரோ பண்டாரம் என்று முடிவு செய்துவிட்டாள். படம் கழுத்தோடு நின்றுவிட்டது. மாலையில் ரெண்டு மூன்று மணிதான் தெரிந்தது. அதை ருத்ராட்சமாக வரைந்துவிட்டாள். விபூதியும் அவள் பூசினதுதான்.

"சாமியாருக்கு நெத்தி வெறுமையா இருந்தா மூளியா இருக்குக்கா" என்றாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

யாரும் வரவில்லை. போலீஸே அவரைப் புதைத்துவிட்டது. மழையில் போஸ்டர் வெளுத்தது, கிழிந்தது, மேலே வேறு போஸ்டர் வந்தது. நான் மட்டும் அதன் பிறகு கடைக் கண்ணாடியில் பொட்டு வைக்கும்போது முகத்தைப் பார்ப்பேனே தவிர கண்ணைப் பார்ப்பதில்லை. பார்த்தால் அந்தப் பக்கத்திலிருந்து வேறு யாரோ பார்ப்பது போல இருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மூன்று வருஷமாக அப்படித்தான்.

இந்த வருஷம் ஆடி கடைசியில் பாத்திமா மேரி வந்தாள். வீடு இங்கேதான் பக்கத்துத் தெரு, பஸ்ஸில் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. மகள் நித்யா மேரிக்குக் கல்யாணம், பத்திரிகை அடிக்க வந்திருந்தாள். மலர்க்கொடி டைப் அடித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"அப்பா பேருக்கு முன்னாடி என்னாக்கா போடட்டும்? திருவா, மறைந்தவா?"

பாத்திமா மேரி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் சகாயநாதனை எனக்கே தெரியும். வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். சுருட்டை முடி, அதற்கு வாரம் ஒரு டை, சட்டைப்பையில் சீப்பு. கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். மூன்று வருஷத்துக்கு முன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுப் போனவர் திரும்பவில்லை. நெல்லிக்குப்பத்தில் ஒருத்தியோடு இருக்கிறார் என்று ஊர் பேசியது. இவள் போலீசுக்கும் போகவில்லை.

"ஓடிப்போனவனுக்கு போஸ்டர் ஒட்டுனா ஊரு சிரிக்காதா?" என்றாள் பாத்திமா மேரி. "மாப்ள வூட்ல பாதர் முன்னாடியே கேக்குறாங்க, அப்பா இருக்காரா இல்லையான்னு. நான் என்னான்னு சொல்லுவேன்? செத்துட்டாருன்னா ஒரு பாட்டம் அழுதுட்டுப் போறேன். உசுரோட இருந்தா நானே கொன்னுட்டுப் போறேன். ரெண்டுல எதுன்னு தெரியாமத்தான் எனக்குச் சோறு எறங்கல."

"என்னா சண்டக்கா?" என்றாள் மலர்க்கொடி.

"மயிருச் சண்ட" என்றாள். சிரிப்பு வரவேண்டிய இடம், எங்களுக்கு வரவில்லை. நித்யா சின்னப் பிள்ளையாக இருந்தபோது வலிப்பு வந்து கண் சொருகிவிட்டதாம். பிள்ளை பிழைத்தால் இவள் அப்பா நடந்தே வந்து மொட்டை போடுவார் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது. அவர் அசையவில்லை. "நேர்ந்தது நீ, முடி என்னுதா?" என்று ஒவ்வொரு வருஷமும் அதே கிண்டல். கடைசியாக அந்த வருஷம் வேளாங்கண்ணியில் கொடியேறுவதற்கு முன்னால், "பெத்த பொண்ணவிட ஒனக்கு மயிரு பெருசாப் போச்சு. இந்த வூட்ல ஒனக்கு என்னா வேல?" என்று கேட்டுவிட்டாள். விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். போன் டிவி மேல் இருந்தது. கூப்பிடக் கூடாது என்றுதானே போனை வைத்துவிட்டுப் போனார் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

மலர்க்கொடி அவரது படம் ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க, கம்ப்யூட்டரிலிருந்த பேர் தெரியாத ஆண்கள் ஒவ்வொருவருக்கும் சகாயநாதனின் கண்ணை வைத்துப் பார்த்தாள். நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அந்த ஒரே ஜோடிக் கண் வேறு வேறு முகத்திலிருந்து முழித்துக்கொண்டிருந்தது. வீங்கின முகம், கருகின முகம், பாதி முகம். எதிலும் உட்காரவில்லை. "வூடு தேடி அலையிற மாதிரி இருக்குக்கா இந்தக் கண்ணு" என்றாள். எனக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை.

சாமியாருக்கு மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. எதற்கு வைக்கப்போகிறாள்? அவர் விபூதிச் சாமியார், இவர் கோயிலுக்கே போகாத கிறிஸ்தவர்.

வேளாங்கண்ணி நடை ஆரம்பித்தது. வருஷா வருஷம் இந்த ரோட்டில்தான் போவார்கள். முன்னால் மாதா சப்பரம், மைக்செட், பின்னால் கூட்டம் கூட்டமாக, "மரியே வாழ்க" என்று கோஷம் போட்டுக்கொண்டு. எனக்கு அந்த நாட்களில் நல்ல வியாபாரம். ஊசிநூல், சேப்டி பின், மாலை. ஒரு மத்தியானம் நடுத்தர வயது ஆள் ஒருவர் கூட்டத்திலிருந்து ஒதுங்கி என் கடைக்கு வந்தார். மெட்ராஸ் பக்கத்துக்காரர்.

"அக்கா, மாலையில சிலுவ எங்கியோ அறுந்து வுழுந்துட்ச்சு. சிலுவ மட்டும் தனியாக் கெடைக்குமா?"

நான் டப்பாவைத் துழாவினேன். என்னிடம் மணி ஒரே டப்பாவில்தான் இருக்கும். சிலுவை கோத்தால் ஜெபமாலை, கோக்காவிட்டால் சபரிமலைக்குப் போகிறவரும் வாங்கிக்கொள்வார். தேடிக்கொண்டே நிமிர்ந்தால் மலர்க்கொடி ஜெராக்ஸ் கட்டோடு என் கடை வாசலில் நிற்கிறாள். அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காவி வேட்டி, காவித் துண்டு, கழுத்தில் மொட்டையாக ஒரு மணிமாலை.

அவர் சிலுவையை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று நின்றாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, இந்த ஆளு இப்பிடியே எங்கனா செத்துக் கெடந்தா, நீ என்னான்னு சொல்லுவ?"

"சாமியார்னு சொல்லுவேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

அவள் பின்னாலேயே அவள் கடைக்குள் போனேன். கரண்ட் இல்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே கம்ப்யூட்டர் வெளிச்சம் மட்டும். யூபிஎஸ் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. சாமியாரைத் திறந்தாள். நெற்றி விபூதியைத் துடைத்தாள். ருத்ராட்சத்தை எடுத்தாள். பிறகு என் கண்ணை எடுத்தாள். எடுத்ததும் அந்த இடத்தில் பழைய மூடின இமை வந்தது, எனக்கு என் இமை துடித்தது. கையால் பொத்திக்கொண்டேன். அப்புறம் சகாயநாதனின் கண்ணைக் கொண்டுவந்து மேலே விட்டாள்.

எப்போதும் அதற்குப் பிறகுதான் அவளுக்கு வேலை. இழுப்பாள், திருப்புவாள், சின்னதாக்குவாள். அன்றைக்கு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மொட்டைத் தலையோடு சகாயநாதன் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார், தெரிந்தவர்களைப் பார்க்கிற மாதிரி. ரோட்டில் மரியே வாழ்க, மரியே வாழ்க என்று அடுத்த கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

"நான்தான்க்கா மறைச்சுட்டேன்" என்று மலர்க்கொடி அழ ஆரம்பித்தாள். "அந்தக்கா டெய்லி அந்த பஸ் ஸ்டாப்லதான நின்னு வேலைக்கிப் போனாங்க? வெறும் நெத்தியா வுட்டிருந்தா பாத்திருப்பாங்களே. பட்டையப் பூசி மூடிட்டேனே."

தாயும் மகளும் வந்தார்கள். மலர்க்கொடி ஒன்றும் சொல்லாமல் திரையைத் திருப்பினாள். பாத்திமா மேரி பார்த்த வேகத்தில் தலையை ஆட்டினாள்.

"இது அவரு இல்ல. அவரு உசுரு போனாலும் மொட்ட போடமாட்டாரு."

நித்யா மேரி முன்னால் வந்து, தன் கையை விரித்துத் திரையில் அந்த மொட்டைத் தலையை மறைத்தாள். "இப்பப் பாரும்மா" என்றாள். பாத்திமா மேரி பார்த்தாள். மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கு மேல் நடந்ததெல்லாம் ஆபீஸ் காரியம். அறிவழகன் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போயிருந்தாலும் முன்னே நின்று பார்த்துக்கொண்டார். நித்யாவின் ரத்தத்தை எடுத்து, பிரேதத்திலிருந்து எடுத்து வைத்திருந்த எலும்போடு சேர்த்து அனுப்பினார்கள். கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. பாத்திமா மேரி நெல்லிக்குப்பத்துக்குப் போய், ஊர் சொன்ன அந்தப் பெண்ணைத் தேடினாள் என்று கேள்விப்பட்டேன். அப்படி ஒருத்தி இருந்தால்தானே!

கார்த்திகையில் ரிசல்ட் வந்தது. அவர்தான்.

பாத்திமா மேரி சிதம்பரம் போய், ஸ்டேஷனில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரே மலர்க்கொடி கடைக்கு வந்தாள். கையில் ஒரு பழுப்புக் கவர். நானும் போய் நின்றேன்.

"மறைந்தன்னே போட்டுடும்மா" என்றாள். மலர்க்கொடி போட்டாள். அது என்ன பெரிய வார்த்தை, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பாத்திமா மேரி ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. "எனக்கு ஒண்ணுதான் தெரியணும்" என்றாள். "காவி கட்டுனாரு, மொட்டையும் போட்டாரு. அது நேர்ச்சைக்குத்தானா, இல்ல எங்கள வேணான்னு ஒதறிட்டுச் சாமியாராப் போயிட்டாரா? எங்க போவ அங்க ஒக்காந்திருந்தாரு?"

மலர்க்கொடி அறிவழகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். நிழற்குடை ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

"மேக்குப் பக்கம்மா. கடலூர் போற பஸ் நிக்கிற பக்கம். மாதா கோயில் திருவிழா முடிஞ்ச மறுநாள் காலையில பாத்தோம்" என்றார் அறிவழகன். பிறகு தயங்கினார். "இடுப்புக் கயித்துல ஒரு சாவி கட்டியிருந்தாரு. எல்லாரும் சாவி வெச்சிருக்கறதுதானன்னு அப்ப நோட்டீஸ்ல எழுதாம வுட்டுட்டேன். கவர்ல போட்டுக் குடுத்திருப்பாங்க, பாருங்க."

பாத்திமா மேரி கவரை மடியில் கொட்டினாள். மடித்த காவி வேட்டி, சிலுவை இல்லாத மாலை, கறுப்புக் கயிற்றில் முடிந்த ஒரு பித்தளைச் சாவி. சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"வூட்டுச் சாவி" என்றாள். "வூட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்காரு."

எனக்கு மனசு ஆறினது போல இருந்தது. அவள் தோளைத் தொட்டு, "அப்பறம் என்னாம்மா, ஒன்ன வுட்டுட்டுப் போவல இல்ல" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு போன மூணாம் நாளே நான் பூட்ட மாத்திட்டேன்க்கா."